ஆளுக்கொரு இசைத்தட்டு

அண்ணன் தன்னுடைய ரெக்கார்டு பிளேயரைப் போர்வையில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு தெருவைக் கடந்து வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்ததுமே அவன் எதற்கு வருகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெறுமனே சொல்லிக்கொண்டு போக வருகிறவன் பிளேயரோடு வரமாட்டான். தோளில் தொங்கிய துணிப்பையில் சதுரமாக, தட்டையாக ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அது என்னவென்று அவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வாசல் கதவைத் திறக்கப் போவதற்கு முன்னால் அலமாரியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஐம்பதைத் தாண்டியவள், சொந்தமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள், தெருவில் பாதிப் பேருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவள், கூடப் பிறந்த அண்ணனைக் கண்டு அலமாரியைப் பூட்டுகிறாள் என்றால் விஷயம் லேசுப்பட்டதாக இருக்க முடியாது.

விஷயம் ஒரு ஆல்பம். இரண்டு தட்டுகள் கொண்ட ஒரே ஆல்பம். அதில் ஒரு தட்டு அவளிடமும் இன்னொன்று அண்ணனிடமும் இருந்தன. அண்ணன் மறுநாள் ஊரைக் காலி செய்துகொண்டு மகள் வீட்டோடு போகிறான். தட்டுகள் இரண்டும் இன்றைக்கே யாராவது ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதற்காகத்தான் வந்திருக்கிறான்.

இந்த இரண்டு பேரையும் பிடித்த கிறுக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் காதுக்கு இனிமையாக எதையாவது கேட்டுக்கொண்டிருந்த வயதில் இவர்கள் பரிசோதனை ராக் என்று தனி வழியில் போனார்கள். கிதாரை மீட்டுவதற்குப் பதிலாக அரத்தால் ராவுவது, டிரம்மின் மேல் சங்கிலியைப் போட்டு இழுப்பது, ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் முழுக்க விடாமல் நிற்பது, நடுவில் யாரோ வாளியில் தண்ணீர் ஊற்றுவது. வேறு யாராவது கேட்டால் பிளேயரில் கோளாறு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இவர்கள் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார்கள்.

அதிலும் பழைய தட்டுதான் வேண்டும், பழைய தட்டிலும் முதல் அச்சுதான் வேண்டும். ஒரு ஆல்பம் முதன்முதலில் அச்சான தட்டுக்கும் பிற்பாடு மறுபடி அச்சான தட்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று அப்பாவியாகக் கேட்டுவிட்டால் போதும், கேட்டவர் அன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான். தட்டில் ஊசி ஓடும் வரிகள் முடிந்து, நடுவில் லேபிள் தொடங்குவதற்கு முன்னால், வழவழவென்று ஒரு வளையம் இருக்குமே, அதில் தொழிற்சாலைக்காரன் கையால் கீறிய எண்ணைக் காட்டுவார்கள். அந்த எண்ணைப் படிக்க அவள் கடையில் கண்ணாடி வில்லையைச் சோதிக்கும் லென்ஸைத்தான் வைத்திருந்தாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். சுவரில் காதை வைத்தே எந்தத் தளத்தில் எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். தட்டை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தே அது எத்தனை வீடு மாறி வந்தது என்று சொல்வான். அவன் சொல்வது சரிதானா என்று யாராலும் சரிபார்க்க முடியாது என்பது அவனுக்கு வசதி.

அந்த இரட்டைத்தட்டு ஆல்பத்தை அவர்கள் வாங்கியது, அண்ணன் தொழில் பழகிக்கொண்டிருந்த, இவள் படித்துக்கொண்டிருந்த நாட்களில். பழைய சாமான் கடை ஒன்றில் உடைந்த மின்விசிறிகளுக்கு அடியில் கிடந்தது. யாரும் கேள்விப்படாத குழு. அட்டையில் ஒரு காலி மேஜை, அதற்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அவ்வளவுதான். உள்ளே ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, இருந்த ஒரே பிளேயரில் ஒவ்வொரு பக்கமாகப் போட்டுக் கேட்டார்கள். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று நின்றுவிடும். ஒன்றுமே கேட்காது. ஊசி மட்டும் கரகரவென்று ஓடிக்கொண்டிருக்கும். தட்டு முடிந்துவிட்டதோ என்று எழுந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். இரண்டு தட்டிலும், நான்கு பக்கத்திலும் இதே கதை. அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை துணிச்சலான இசையை அவர்கள் அதுவரை கேட்டதில்லை.

பிறகு அவளுக்குக் கல்யாணம் முடிவானது. வீட்டில் பாகப்பிரிவினை நடந்தது. நிலமா நகையா, சண்டை போட அதெல்லாம் அந்த வீட்டில் ஏது? இசைத்தட்டுகளைத் தரையில் பரப்பி, நீ ஒன்று நான் ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தார்கள். கடைசியில் இந்த ஆல்பம் மட்டும் மிஞ்சியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்த எரிச்சலில் அம்மா வந்து அட்டையைப் பிடுங்கி, "ரெண்டு தட்டுதானே இருக்கு, ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போய்ச் சேருங்க" என்று பிரித்துக் கொடுத்துவிட்டாள். செருப்பை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்த மாதிரி ஆனது. அட்டை அவளுக்கு வந்தது. அந்த அட்டைக்காக அண்ணன் இன்று வரைக்கும் குத்திக்காட்டிக்கொண்டிருக்கிறான்.

அப்புறம் வருடங்கள் ஓடின. வாரம் தவறாமல் பார்த்துக்கொண்டார்கள், நல்லது கெட்டதில் கூடிக்கொண்டார்கள், அந்தத் தட்டைப் பற்றி மட்டும் விட்டுக்கொடுத்ததே இல்லை. 'என் தட்டுதான் ஒசத்தி' என்று இருவரும் சாதித்தார்கள். அவளுடைய தட்டில் ஒரு குரல் பாடிக்கொண்டே வந்து ஒரு சொல்லின் நடுவில் அறுந்துவிடும். மனிதர்கள் எதைத்தான் சொல்லி முடித்திருக்கிறார்கள், அதைத்தான் அந்தக் குழு சொல்கிறது என்று அவள் விளக்கம் கொடுப்பாள். அண்ணனுடைய தட்டு மௌனத்திலேயே தொடங்கும். ஊசியை வைத்தால் வெகுநேரம் ஒன்றுமே வராது. "பாட்டை மௌனத்துல ஆரம்பிக்கிற தைரியம் எவனுக்கு வரும்? கேக்குறவனைத் தயார் பண்றாங்க" என்பான் அவன். இணையம் வந்த பிறகு தேடிப் பார்த்ததில், உலகத்தில் அந்த ஆல்பத்தை வைத்திருந்த ஏழெட்டுப் பேரும் இதே போல்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அந்த மௌனங்களைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரையே எழுதியிருந்தார். அவள் அதைப் படித்துக் கண்கலங்கினாள்.

இப்போது மகள் வீட்டில் அண்ணிக்கும் அண்ணனுக்கும் ஒரு அறை. அதில் தட்டுகளுக்கு ஒரே ஒரு அடுக்கு. மீதி எதையும் கொண்டுவரக் கூடாது என்பது அண்ணியின் உத்தரவு. அண்ணி பேச்சுக்கு மறுபேச்சு அந்த வீட்டில் கிடையாது. சேகரிப்பில் பெரும்பகுதியை அண்ணன் வேண்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டான். இந்தத் தட்டை மட்டும் கொடுக்கவும் மனமில்லை, அரைகுறையாக எடுத்துப் போகவும் மனமில்லை.

கதவைத் திறந்தாள். அண்ணனுக்கு மூச்சு வாங்கியது.

"லிஃப்ட் மெக்கானிக்கோட தங்கச்சி லிஃப்ட் இல்லாத வீட்ல குடியிருக்கா. வெளியில சொன்னா சிரிப்பாங்க."

"உன்னை யாரு இதையெல்லாம் தூக்கிட்டு வரச் சொன்னது? இங்க பிளேயர் இல்லையா?"

"உன் பிளேயர்ல என் தட்டைப் போடுறதுக்கு நான் அதை ரோட்லயே போட்டுட்டுப் போயிடுவேன்."

அவள் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள். அடுத்தவர் பிளேயரில் ஊசி தேய்ந்திருக்குமோ, பாரம் கூடியிருக்குமோ, வரியைச் சீவிவிடுமோ என்ற பயம் தட்டு சேர்க்கிற கூட்டம் எல்லோருக்கும் உண்டு. பிளேயரைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு அண்ணன் மறுபடி இறங்கிப்போனான். ஆம்ப்ளிஃபயரோடு வந்தான். இன்னொரு தடவை போய் இரண்டு ஸ்பீக்கர்களோடு வந்தான். வீட்டை மாற்றுவது நாளைக்கா இன்றைக்கா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு அண்ணன் பேச்சை எடுத்தான்.

"குட்டி, இனிமே இது இப்படி ரெண்டா கிடக்கக் கூடாது. நாளைக்கு உனக்கோ எனக்கோ ஒண்ணு ஆச்சுன்னா, பிள்ளைங்க ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிப் போட்டுடும். யாராவது ஒருத்தர்கிட்ட முழுசா இருக்கட்டும்."

"சரி. குடுத்துட்டுப் போ."

"நான் ஏன் குடுக்கணும்? நீ குடு."

"அட்டை என்கிட்ட இருக்கு. அட்டை இருக்குற இடத்துக்குத்தான் தட்டு வரணும்."

"அந்த அட்டையே அநியாயமா போனது."

பேச்சு எங்கே போகும் என்று இருவருக்கும் தெரியும் என்பதால் அண்ணன் கையை உயர்த்தி நிறுத்தினான். ஒரு போட்டி வைக்கலாம் என்றான். தன் தட்டை யார் உண்மையாகவே கேட்டு ஊறியிருக்கிறார்களோ அவர்களுக்கு இரண்டும். சுவரைப் பார்த்து நின்றுகொள்ள வேண்டும். தன்னுடைய தட்டில் ஒரு மௌனம் வந்ததும், அது முடிந்து சத்தம் திரும்பும் கணத்தில் கையைத் தூக்க வேண்டும். முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு. அதிகத் தப்புச் செய்தவர் தட்டைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியது.

அவளுக்குப் பகீரென்றது. ஜெயிப்போம் என்ற நம்பிக்கை இருந்தது. ஆனால் தோற்றால், பாதி ஆயுள் கூட இருந்த தட்டு நாளைக்கு அண்ணன் மகள் வீட்டு அடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். வேண்டாம் என்று சொல்லவும் மானம் இடம் கொடுக்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

"யாரு நடுவர்?"

அந்த நேரம் பார்த்து அவள் கணவர் சாப்பிட வந்தார். அவர் சலவைக்கடைக்காரர். இந்த இசையில் அவருக்கு இருந்த ஈடுபாடு, வீட்டில் அது ஓடும்போது கடையில் வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போகும் அளவு. அண்ணன் தங்கை இருவருக்கும் அவர்மேல் முழு நம்பிக்கை பிறந்தது. யார் பக்கமும் சாயமாட்டார். இரண்டையும் சமமாக வெறுப்பவர்.

"மாப்ளே, நீங்கதான் தீர்ப்பு சொல்லணும்" என்று அண்ணன் விதிகளை விளக்கினான்.

"எவ்வளவு நேரம் ஆகும் மச்சான்?"

"முதல்ல அவ தட்டுல ஒரு பக்கம். அப்புறம் என் தட்டுல ஒரு பக்கம். ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"ஒரு மணி நேரமா? மெஷின்ல ஈரத்துணி கிடக்கு மச்சான். அப்படியே விட்டா நாத்தம் புடிச்சிடும்."

"என்னங்க, ஒரே ஒரு நாள்" என்றாள் அவள். அவர் சாப்பாட்டு மேஜையைப் பார்த்தார். அதில் தட்டு வைக்க இடமில்லை. சாப்பிடும் தட்டைத்தான் சொல்கிறேன். பெருமூச்சு விட்டு, சரி போய் நில்லுங்க என்றார்.

அவள் தன் பிளேயரில் தன் தட்டை ஏற்றினாள். துணியால் ஒரு சுற்றுத் துடைத்தாள். அண்ணன் மேஜையில் தன்னுடையதை ஏற்றி, மட்டம் பார்த்து, ஊசியை விளிம்புக்கு மேலே நிறுத்திவைத்தான். நடுவருக்கு வேலை சுலபமாக இருக்க வேண்டும் என்று, சின்ன லீவரை அழுத்தினால் ஊசி தானாக மெல்ல இறங்கும் என்று இருவரும் மாறி மாறிக் காட்டிக்கொடுத்தார்கள். பிறகு ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள். வகுப்பில் தண்டனை வாங்கின பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள்.

இங்கேதான் சலவைக்கடைக்காரரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அவர் வாழ்நாளில் ஒரு மெஷினை மட்டும் தனியாக ஓட்டியதில்லை. அருகருகே இருக்கும் இரண்டையும் நிரப்பி, நடுவில் நின்று, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானையும் ஒரே நேரத்தில் அழுத்துவார். ஒன்று முடிந்து இன்னொன்றுக்காகக் காத்திருப்பது அவரைப் பொறுத்தவரை கையை வெட்டிப்போட்ட மாதிரி. அவள் பிளேயர் மேஜைக்குப் பக்கத்து அலமாரி அடுக்கில்தான் இருந்தது. அவர் இரண்டுக்கும் நடுவில் போய் நின்றார். அவரவர் தட்டை அவரவர் கேட்டுக்கொள்ளப் போகிறார்கள், அதற்கு ஏன் வரிசை என்று நினைத்தார். இரண்டு கையையும் நீட்டி இரண்டு லீவரையும் சேர்த்து அழுத்தினார்.

அவளுடைய தட்டு வழக்கம் போலத் தொடங்கியது. கனத்த கம்பிகளின் உறுமல், அதன் கீழே டிரம் நடந்து வரும் சத்தம். ஒவ்வொரு அடியும் அவளுக்குப் பாடம். இதோ குரல் வரும், வந்தது. இதோ சொல்லின் நடுவில் அறுந்து நிற்கும், நின்றது. அவள் மூச்சைப் பிடித்து மனதுக்குள் தாளத்தைத் தொடர்ந்தாள், கையைத் தூக்கத் தயாராக.

அறுந்த சொல்லின் மீதிப் பாதி அவள் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

அதே குரல்தான், அதே மூச்சில், அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அதைத் தொடர்ந்து ஒரு கிதார், தாளம் ஒரு இழைகூடப் பிசகாமல், அவள் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்த இடத்திலேயே காலை வைத்து ஏறி வந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முதலில் தோன்றியது கோபம்தான், இந்த மனிதர் எதையோ போட்டுக் குழப்பிவிட்டார் என்று. திரும்பினாள். அண்ணனும் திரும்பி நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"மாப்ளே, ரெண்டையும் ஒண்ணாவா போட்டீங்க?"

"நேரம் மிச்சம்னு..." என்று அவர் இழுத்தார். தப்புச் செய்துவிட்டோம் என்று புரிந்து இரண்டு ஊசியையும் தூக்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றார்கள் இருவரும்.

கிதார் இறங்கி ஓய்ந்த இடத்தில் அவளுடைய தட்டில் டிரம் பிடித்துக்கொண்டது. டிரம் நின்றதும் அந்தப் பக்கம் வாளியில் தண்ணீர் விழுந்தது. இந்தக் குரல் எதையோ கேட்டது, அந்தக் குரல் ஏதோ பதில் சொன்னது. மொழி தெரியாது. கேள்வி எது பதில் எது என்பது மட்டும் பச்சைக் குழந்தைக்கும் புரிந்திருக்கும். பிறகு கேள்வியும் பதிலும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு, இரண்டு தட்டும் சேர்ந்து ஒரே முழக்கமாக எழுந்தது. நடுவில் நின்ற சலவைக்கடைக்காரரின் தலை தானாக ஆடியது. அண்ணனும் தங்கையும் மட்டும் ஆடாமல் அசையாமல் நின்றார்கள். போட்டி என்று ஒன்று இருந்ததே இருவருக்கும் மறந்துபோனது.

பக்கம் முடிந்தது. இரண்டு ஊசியும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டன. அவர் கேட்டார், "இதை மொதல்லயே இப்படிப் போட்டிருந்தா நானும் உக்காந்து கேட்டிருப்பேனே. ஏன் இத்தனை நாளா பாதி பாதியா போட்டு உயிரை வாங்குனீங்க?"

அண்ணன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"மௌனம்னு சொன்னோமே, குட்டி."

"ஆமாண்ணே."

"கேக்குறவனைத் தயார் பண்றாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே. அவனுங்க உன் தட்டு முடியட்டும்னு காத்துட்டு இருந்திருக்கானுங்க."

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நீளக் கட்டுரை எழுதிய மனிதரை நினைத்துக்கொண்டாள். படித்து அழுத தன்னை நினைத்துக்கொண்டாள். மனிதர்கள் எதைத்தான் சொல்லி முடித்திருக்கிறார்கள் என்று பேசிய பேச்செல்லாம் வரிசையாக ஞாபகம் வந்து, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் முட்டியது. அவர்கள் சொல்லி முடித்துத்தான் இருக்கிறார்கள், மீதி அண்ணன் வீட்டில் இருந்தது. அண்ணனும் சிரிக்கத் தொடங்கி, இருமி, தண்ணீர் கேட்டான். அம்மா மட்டும் அன்றைக்குப் பிரித்துக் கொடுக்காமல் இருந்திருந்தால் என்று அவள் யோசித்தாள். இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு பிளேயர்.

அவள் அட்டையை எடுத்துப் பார்த்தாள். ஒரு மேஜை, இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. அதைத் தனிமை என்று அண்ணனும், பிரிவு என்று இவளும் எத்தனை தடவை வாதாடியிருக்கிறார்கள். உட்கார ரெண்டு பேர் வாங்க என்று அட்டை வரைந்தவன் படம் போட்டு வைத்திருக்கிறான். இவர்களுக்குத்தான் உட்காரத் தோன்றவில்லை.

தட்டுகளைத் திருப்பிப் போட்டார்கள். இந்தத் தடவை நடுவர் ஈரத்துணியைக் கவனிக்கக் கிளம்பிவிட்டதால் லீவரை அவர்களே அழுத்தினார்கள். அது அத்தனை சுலபமாக இல்லை. ஒரு ஆள் இரண்டு கையையும் நீட்டிச் செய்யலாம் என்று அவள் முயன்றாள். எட்டவில்லை, கணவர் கைநீளம் அவளுக்கு இல்லை. ஆளுக்கொரு பிளேயருக்கு முன்னால் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, அண்ணன் தலையசைக்கும்போது இருவரும் அழுத்த வேண்டியிருந்தது. ஒரு தடவை அண்ணன் முந்திவிட்டான், குரல்கள் இரண்டும் முட்டிக்கொண்டன. "உனக்கு எதுலயும் அவசரம்" என்று அவள் திட்டினாள். மறுபடி வைத்தார்கள். சரியாக அமைந்தது. அந்தப் பக்கத்தையும் கேட்டார்கள், பிறகு முதல் பக்கத்தை இன்னொரு தடவை கேட்டார்கள். அவளுக்குத் தெரிந்த ஒவ்வொரு இடமும் புதிதாக இருந்தது. இத்தனை வருடம் கதவைச் சாத்திக்கொண்டு அழகு பார்த்த ஒரு அறைக்குப் பின்னால் இன்னொரு அறை இருந்ததைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவளுக்கு.

வெளியே வெயில் இறங்கியபோது அண்ணன் எழுந்தான். வீட்டில் அண்ணி மூட்டை கட்டிக்கொண்டிருப்பாள். அவன் தன் தட்டைப் பிளேயரிலிருந்து எடுத்தான். விளிம்பை மட்டும் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். பிறகு அவளிடம் நீட்டினான்.

"இந்தா. நீயே வச்சுக்க. அட்டை இருக்குற இடத்துக்குத்தான் தட்டு வரணும்."

அவள் இதற்காக எத்தனை வருடம் ஏங்கியிருப்பாள். வாங்கி, இரண்டு தட்டையும் அட்டைக்குள் செருகினாள். அட்டை நிறைந்து, சரியான கனத்தில், கையில் வந்து நின்றது. சந்தோஷம் பொங்க வேண்டிய நேரம் அது. வரவில்லை. நாளைக்கு இந்நேரம் அண்ணன் இந்த ஊரில் இருக்கமாட்டான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து தட்டு போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தவள், போவது யார் என்பதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. மகள் வீடு, பேரப்பிள்ளைகள், புது ஊர், அதற்கப்புறம் அவனுக்கு இங்கே வரக் காரணம் என்ன இருக்கும்?

அவள் ஒரு தட்டை உருவினாள். கீறிய எண்ணைப் பார்த்து அவனுடையதுதான் என்று உறுதி செய்துகொண்டு, பழைய வெள்ளை உறையில் போட்டு, அவன் துணிப்பைக்குள் வைத்தாள்.

"என்ன பண்றே?"

"நீ எடுத்துட்டுப் போ."

"பைத்தியமா உனக்கு? இப்பத்தான் ஒண்ணா சேர்ந்துச்சு."

"சேர்ந்து அலமாரியில கிடந்து என்ன பண்ணும்? ரெண்டு பேர் நின்னு அழுத்தணும்ல."

"மாப்ளே இருக்காரே. அவரு ஒரு ஆளே போதும், ரெண்டு கையும் நீட்டிடுவாரு."

"அவரு துணிக்குத்தான் லாயக்கு" என்றாள். சொல்லிவிட்டு, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். "இது என்கிட்ட இருந்தா நீ வரமாட்டே. உன்கிட்ட இருந்தா எடுத்துட்டு வருவே. அதான்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அது அவள் கடையில் போட்டுக்கொடுத்த கண்ணாடி, துடைக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான். செருப்பை மாட்டினான்.

"அட்டையையாவது குடேன்" என்றான்.

"ரொம்பத்தான் ஆசை உனக்கு."

அவன் சிரித்துக்கொண்டே படியிறங்கத் தொடங்கினான். அப்போதுதான் அவள் சாப்பாட்டு மேஜையைத் திரும்பிப் பார்த்தாள். பிளேயர், ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், மடித்த போர்வை, எல்லாம் அப்படியே இருந்தன. பெற்ற மகளைக்கூடத் தொட விடாத பிளேயர். மூன்று நடை தூக்கிச் சுமந்து மேலே கொண்டுவந்த சாமான்.

"அண்ணே, பிளேயரை மறந்துட்டே."

அவன் திருப்பத்தில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"மறக்கல. அது அங்கேயே இருக்கட்டும்."

"அப்புறம் தட்டை எதுல போட்டுக் கேப்பே?"

"இங்க வந்து கேப்பேன்" என்றான். துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து ஒவ்வொரு படியாக இறங்கிப்போனான்.